சீசன் கடைசி நாள் வேடமும் ஸ்லஷ் கப்பும்: பிள்ளைகளோடு போகலாமா?

கால்கரி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மே மாத விக்டோரியா டே விடுமுறை வார இறுதியில் பான்ஃப் சன்ஷைன் வில்லேஜ் ஸ்கீ மலையில் நடக்கும் ஸ்லஷ் கப்புக்கு (ஸ்கீயில் சறுக்கி வந்து தண்ணீர்க் குட்டையைத் தாண்டும் போட்டி) இந்த வருடம் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். மூத்தவளுக்கு 13 வயது, சின்னவனுக்கு 9. இரண்டு பேரும் நடுத்தரக் கடினமான நீலத் தடங்களில் பயமில்லாமல் இறங்குவார்கள். குடும்பமே வேடம் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று மூத்தவள் ஒரே பிடிவாதம். அந்தத் தண்ணீர்க் குட்டையைத் தாண்டும் பாண்ட் ஸ்கிம்மிலும் இறங்க வேண்டுமாம்.

மே மாதத்தில் பனி ஸ்கீ செய்கிற நிலையில் இருக்குமா? வேடத்தோடு லிஃப்டில் எப்படி ஏறுவது? அலுவலகத்தில் ஒருவர், "அது குடிகாரர்கள் கூத்து, பிள்ளைகளோடு போகாதீர்கள்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காற்று எழுதியது:

தாராளமாகப் போங்கள் அக்கா. அலுவலக நண்பர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பனி. சன்ஷைனின் கிராமமே 2,160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லுக்அவுட் மலை உச்சி 2,730 மீட்டர். அந்த உயரத்தில் மே நடுவிலும் பனி ஆழமாகக் கிடக்கும். மலைகள் மூடுவது பனி தீர்ந்துபோவதால் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் மூடுவது ஆள் வரத்து குறைவதால்தான். ஊரில் புல் பச்சையானதும் ஜனங்கள் சைக்கிளை எடுத்துவிடுவார்கள், கோல்ஃப் மட்டையை எடுத்துவிடுவார்கள். கடைசி நாளில் வருவது மலையை விட மனமில்லாதவர்கள். அதனால்தான் அந்த நாளுக்கு அப்படி ஒரு களை. பக்கத்து ஸ்கீ மலைகளில் நார்க்வே ஏப்ரலிலேயே மூடிவிடும், லேக் லூயிஸ் மே முதல் வாரங்களில் மூடும். சன்ஷைன் மட்டும் விக்டோரியா டே வரை, அதாவது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை வரை தாக்குப்பிடிக்கும். ஆக, அந்த வட்டாரத்தின் ஸ்கீ காலமே பெரும்பாலும் ஸ்லஷ் கப்போடுதான் முடிகிறது. இந்தப் போட்டி 1928ல் தொடங்கியதாகச் சன்ஷைனே சொல்கிறது.

நான் பான்ஃப் பக்கம் போ (Bow) ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு மலையில் சில குளிர்காலங்கள் லிஃப்ட் இயக்குபவனாக வேலை பார்த்தவன். அந்த இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கடைசி நாள் வேடம் பார்வையாளர்களுக்காக ஏற்பட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அது அங்கே வேலை செய்பவர்களின் நாள். நவம்பரிலிருந்து விடிவதற்கு முன் எழுந்து, நாற்காலி நாற்காலியாகப் பனியைத் தட்டிவிட்டு, கழித்தல் 30 டிகிரியில் நின்று ஒவ்வொருவரையும் ஏற்றி அனுப்பிய பையன்களும் பெண்களும் அன்றைக்குத்தான் சீருடைக்கு மேல் ஒரு டைனோசர் உடையை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பாதிப் பேர் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வேலை-விடுமுறை விசாவில் வந்தவர்கள். பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர். அங்கே குடியிருக்க வேண்டுமென்றால் அங்கே வேலையோ தொழிலோ இருக்க வேண்டும் என்று விதி. சிலருக்குக் கோடையில் ஹோட்டல் வேலை கிடைக்கும். மற்றவர்களுக்கு வேலை முடிகிறபோது அறையும் முடிகிறது. ஆறு ஏழு மாதம் ஒரே அறையில் இருந்தவர்கள் ஒரே வாரத்தில் ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விடுவார்கள்.

அதனால் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். லிஃப்டில் ஏறும்போது ஒரு நன்றி சொல்லச் சொல்லுங்கள். ஒரு டப்பா பிஸ்கட்டோ முறுக்கோ கொண்டுபோய் லிஃப்ட் குடிலில் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் மகிழ்ந்துபோவார்கள்.

நீலவானம் எழுதியது:

நான் உடன்படவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த அலுவலக நண்பர் சொன்னது சரி.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மலைக்குக் கடைசி நாளன்று குடும்பத்தோடு போனோம். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. பிற்பகலில் ஏதோ விலங்கு முகமூடி போட்ட ஒருவன் மேலிருந்து வந்து என் மகள் மேல் மோதினான். அவனிடமிருந்து பீர் வாடை. "சாரி" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். மகளுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். முகமூடிக்குப் பின்னால் இருப்பது யார் என்று யாருக்குத் தெரியும்? வேடம் ஆட்களுக்கு ஒரு மறைப்பைத் தருகிறது. மற்ற நாட்களில் செய்யத் துணியாததை அன்றைக்குச் செய்கிறார்கள். எட்டு மாதம் வரப்போகாத மலைதானே என்ற அலட்சியமும் சேர்ந்துகொள்கிறது.

வேலை செய்பவர்கள் கொண்டாடட்டும். மாலை நான்கு மணிக்கு லிஃப்டை நிறுத்திவிட்டு அவர்களுக்கென்று தனியாக ஒரு விருந்து வைக்கலாமே.

டென்வர்க்காரன் எழுதியது:

நீலவானம் அண்ணா, மகள் இப்போது நலமா? படிக்கவே கஷ்டமாக இருந்தது.

கொலராடோவிலும் இதே சிக்கல் உண்டு. இங்கே 'கேப்பர் டே' என்று ஒன்று ஏப்ரலில் வரும். 1980களின் கண்ணைப் பறிக்கும் நியான் நிற உடை, ஜீன்ஸ், ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நெற்றி தெரிகிற இடைவெளி என்று, ஸ்கீ தெரியாத புதியவர்கள் மாதிரி பழகியவர்கள் வேடம் போடுவார்கள். இந்தக் கேப்பர் டே எனக்குப் பிடிக்காது. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவனைக் கேலி செய்வதுதான் அதன் அடிப்படை. நாமெல்லாம் வயது வந்தபின் வாடகை உடுப்போடு முதன்முதலில் பனியில் நின்றவர்கள். நம்மைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு நாளை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

குடியைப் பற்றி: இங்கே 1979ல் வந்த ஸ்கீ பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மது அல்லது போதையால் தடுமாறும் நிலையில் லிஃப்டில் ஏறுவதோ சறுக்குவதோ குற்றம். மோதிவிட்டு விவரம் தராமல் போவதும் குற்றம். சட்டம் இருக்கிறது, பிடிக்கிற ஆள் போதவில்லை.

ஆனால் எல்லாக் கொண்டாட்டமும் ஒரே மாதிரி இல்லை. இங்கே க்ரெஸ்டட் பியூட் என்ற மலை ஊரில் மார்ச் கடைசியில் அல் ஜான்சன் நினைவாக ஒரு பந்தயம் நடக்கிறது. அவர் 1880களில் மரப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு க்ரெஸ்டட் பியூட்டிலிருந்து கிரிஸ்டல் என்ற சுரங்க ஊருக்குத் தபால் சுமந்தவர். பனிச்சரிவு விழுகிற மலைகளைக் கடந்து கடிதம் கொண்டுபோனார். இன்றைக்கு விதவிதமான வேடத்தில் ஆட்கள் வரிசையாக மலை ஏறி, பிறகு செங்குத்தான முகத்தில் இறங்குகிறார்கள். தொடையெல்லாம் எரிகிற ஏற்றம். குடித்துவிட்டு அதைச் செய்ய முடியாது. உழைத்து ஏற வேண்டிய இடத்தில் வேடம் போட்டால் கூட்டம் தானாகவே ஒழுங்காக இருக்கிறது என்பது என் கருத்து.

இங்குள்ள அரபஹோ பேசின் ஸ்கீ மலை இன்னொரு வகை. வண்டி நிறுத்தும் இடத்தின் முன்வரிசை ஸ்கீ சரிவின் அடிவாரத்திலேயே இருக்கும். அதற்கு 'பீச்' என்று பெயர். அடிவாரமே 3,286 மீட்டர் உயரம் என்பதால் ஜூன் வரை ஓடும். மக்கள் அடுப்பு வைத்து இறைச்சி வாட்டுவார்கள், நாய் படுத்திருக்கும், ஹவாய் சட்டை போட்ட தாத்தா இரண்டு முறை இறங்கிவிட்டு வந்து உட்காருவார். பிள்ளைகளோடு போக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சூரிச் வாசி எழுதியது:

இங்கே சுவிஸில் வேடமும் சீசன் முடிவும் வேறு வேறு நாட்கள். வேடம் என்றால் ஃபாஸ்நாக்ட் திருவிழா. தவக்காலத்துக்கு முந்தைய நாட்கள், பெரும்பாலும் பிப்ரவரி. அப்போது ஸ்கீ சரிவிலும் சூனியக்காரி, கோமாளி எல்லாம் இறங்குவார்கள். வாலிஸ் மாநிலத்தில் பெலால்ப் என்ற இடத்தில் ஜனவரியிலேயே சூனியக்காரி வேடத்தோடு ஒரு பெரிய இறக்கப் பந்தயம் உண்டு. விளக்குமாறோடுதான் வருவார்கள்.

சீசன் முடிவு ஈஸ்டரை ஒட்டி வரும். அங்கே தண்ணீர்க் குட்டை தாண்டுவதை 'வாட்டர்ஸ்லைடு' என்பார்கள். ஆஸ்திரியாவில் இஷ்கிலில் 2,300 மீட்டருக்கு மேல் இசை நிகழ்ச்சி வைத்து முடிப்பார்கள். அந்த இசை வரிசை 1995ல் எல்டன் ஜானோடு தொடங்கியது.

மலைக்காற்று சொன்னது எனக்கு நெஞ்சில் பட்டது. என் அண்ணர் வாலிஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கனகாலம் வேலை செய்தவர். சுவிஸ் மலை ஊர்களின் குசினிகளில் எங்கட ஆட்கள் எத்தனை பேர் நின்றிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். குளிர்காலம் முழுக்க மலையில் இருந்தும் அவர் ஒருநாளும் மலைக்கு மேலே போனதில்லை. பகல் சாப்பாட்டு நேரமும் இரவுச் சாப்பாட்டு நேரமும்தான் அவருக்குச் சீசன். கடைசி நாளில் மட்டும் முதலாளி எல்லோரையும் கேபிளில் மேலே கூட்டிக்கொண்டு போனார். பாத்திரம் கழுவுகிறவர் முதல் சமையல்காரர் வரை தலையில் காகிதக் கிரீடம். அண்ணர் அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறார். ஆகவே, "தனியாக விருந்து வைக்கலாமே" என்று நீலவானம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற நாளெல்லாம் பின்வாசலால் போய் வந்தவர்களுக்கு அன்றைக்காவது எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிற்கக் கிடைக்க வேண்டும்.

நீலவானம் எழுதியது:

நன்றி டென்வர் தம்பி, மகள் நன்றாக இருக்கிறாள். அடுத்த குளிர்காலமே திரும்பவும் மலைக்குப் போய்விட்டாள்.

சூரிச் வாசி சொல்வதை ஏற்கிறேன். குசினியில் நிற்பவர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்பதில்லை. என் பயம் சறுக்குகிற கூட்டத்தைப் பற்றியது. அதற்குப் பதில் வேண்டும்.

மலைக்காற்று எழுதியது:

உங்கள் கோபம் முழுக்க நியாயம். கனடாவின் எல்லா மலைகளிலும் எழுதி வைத்திருக்கும் ஆல்பைன் பொறுப்பு விதிகள் இரண்டை இங்கே வெளிப்படையாகச் சொல்கிறேன். குடியோ போதையோ தலைக்கேறிய நிலையில் லிஃப்டையும் தடத்தையும் பயன்படுத்தக் கூடாது. மோதலில் சம்பந்தப்பட்டவர், ஏன், பார்த்தவரும்கூட, அங்கேயே நின்று ஸ்கீ ரோந்தினரிடம் தன் விவரத்தைத் தர வேண்டும். வேடம் போட்ட நாளுக்கு இதில் விலக்கு எதுவும் கிடையாது. முன்னால் போகிறவருக்கே வழி என்பதும் அப்படித்தான்.

லிஃப்டில் நிற்பவனுக்கு ஒருவரை ஏற்ற மறுக்கும் அதிகாரம் உண்டு. தள்ளாடுகிறவர்களை நாங்கள் நிறுத்தியிருக்கிறோம். கடைசி நாளில் அதைச் செய்வது கடினம்தான், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். அங்கேதான் நீங்கள் உதவ முடியும். "அவர் செய்வது சரி" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால் போதும், அந்த இருபது வயதுப் பையனுக்குத் தைரியம் வரும்.

அப்புறம், நேரம் முக்கியம். காலையில் போய், குட்டைப் போட்டியைப் பார்த்துவிட்டு, கூட்டம் கலையும்போது சறுக்குவதை நிறுத்திவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஒரே பக்கமாக இறங்கும்போது பிள்ளைகள் சரிவில் இருக்க வேண்டாம். அந்தச் சமயத்தில் பனியும் கால் களைத்துப்போகிற அளவுக்குக் கனத்திருக்கும்.

மெழுகுக்கடை எழுதியது:

பனியைப் பற்றி நான் சொல்கிறேன். வான்கூவரில் ஸ்கீ பழுதுபார்க்கும் பட்டறை என் வேலை.

வசந்தப் பனி இரவில் உறைந்து பகலில் உருகும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது துகள்கள் ஒன்றுசேர்ந்து ஜவ்வரிசி மாதிரி மணியாகிவிடும். இதைத்தான் கார்ன் ஸ்னோ என்கிறார்கள். மேல்பரப்பு ஓரிரண்டு சென்டிமீட்டர் இளகியிருக்கும் அந்த நேரத்தில் இறங்குவது பேரின்பம், பிள்ளைகளுக்கும் மிக எளிது. அதிகாலையில் போனால் கல்லாக இருக்கும், மதியம் தாண்டினால் கால் புதையும். அதனால் வெயிலைப் பின்தொடர வேண்டும்: காலையில் கிழக்கு பார்த்த சரிவு, பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு.

மதியத்துக்குப் பிறகு பனியில் தண்ணீர் ஊறியிருக்கும். சமதளத்தில் வேகமாக வந்துகொண்டே இருக்கும்போது ஸ்கீ திடீரென்று பிடித்துக்கொள்ளும், உடம்பு முன்னால் விழும். ஸ்கீயின் அடிப்பகுதிக்கும் பனிக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் ஒட்டி உறிஞ்சுவதுதான் காரணம். ஸ்கீயின் அடியில் பூச வெதுவெதுப்பான வானிலைக்கான மெழுகு, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வரும், அதைப் போடச் சொல்லுங்கள். அடிப்பகுதியில் கோடு கோடாகப் பள்ளம் இழைத்துத் தருவோம், அது தண்ணீரை வெளியே விடும். மெழுகை விட அதுதான் அதிகம் உதவும்.

குட்டை தாண்டுவது: பனியில் பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் விரித்துத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். வேகம் இருந்தால் ஸ்கீயின் அடிப்பக்கம் தண்ணீரை அழுத்தித் தள்ளும், தண்ணீர் திருப்பித் தாங்கும். வேகம் குறைந்த கணம் மூழ்கிவிடும். அகலமான ஸ்கீ நல்லது. இரண்டு ஸ்கீயையும் ஒட்டினாற்போல வைத்து, முழங்காலை மடக்கி, எடையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், முனை தண்ணீருக்குள் குத்தாமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் திரும்பவே கூடாது. நுழைகிற இடத்தில் பயந்து பிரேக் போடுகிறவர்கள்தான் பெரும்பாலும் விழுகிறார்கள்.

விழுந்தால்? உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் தண்ணீர். உள்ளே போனதும் மூச்சு தானாக இழுக்கும், அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. மீட்பவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். ஆனாலும் குளிர்ந்த தண்ணீரில் நீந்தத் தெரியாத பிள்ளையை இறக்காதீர்கள். 13 வயது மகளை அனுமதிப்பார்களா என்பதைப் பதிவுப் படிவத்தில் பாருங்கள், பெற்றோர் கையெழுத்து கேட்பது வழக்கம். ஹெல்மெட் கட்டாயம். வேடத்தில் தலைப்பாகம் இருந்தால் ஹெல்மெட்டுக்கு மேலே வர வேண்டும், ஹெல்மெட்டுக்குப் பதிலாக அல்ல. நனைந்தால் கனக்கிற பஞ்சுத் துணி வேண்டவே வேண்டாம்.

கால்கரி வாசகி எழுதியது:

எவ்வளவு விவரம்! எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீலவானம் சார், உங்கள் அனுபவத்தையும் எழுதியதற்கு நன்றி. நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்கிறோம்.

வேடம் இப்படி முடிவாகியிருக்கிறது. சின்னவன் வாழைப்பழம். மூத்தவளுக்கு முதலில் பழங்குடித் தலைவர் மாதிரி இறகுக் கிரீடம் வைக்கும் ஆசை, கடையில் கிடைக்கிறதாம். என் கணவர் வேட்டி சட்டை என்கிறார். நான் மினுமினுப்புத் தூள் பூசிக்கொண்டு தேவதை. சரியாக வருமா?

சூரிச் வாசி எழுதியது:

இறகுக் கிரீடம் வேண்டாம் தங்கச்சி. வேட்டி உங்கள் வீட்டுக்காரரின் சொந்த உடுப்பு, அதை அவர் மலைக்குக் கொண்டுபோவதில் ஒரு குறையும் இல்லை. இறகுக் கிரீடம் இன்னொரு சனத்தின் மரியாதைக்குரிய சின்னம்.

மலைக்காற்று எழுதியது:

ஆமாம். பான்ஃப் இருக்கும் நிலம் 1877ல் அரசோடு 'ஒப்பந்தம் 7'ல் கையெழுத்திட்ட ஸ்டோனி நகோடா, பிளாக்ஃபுட், சுட்டினா மக்களின் நிலம். கால்கரியும் அப்படித்தான். அவர்களிடம் அந்த இறகுகள் ஒவ்வொன்றாக, செய்த செயலுக்காகத் தரப்படுபவை. லிஃப்ட் வரிசையில் அந்த இனத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். அவர்கள் முன்னால் கடையில் வாங்கிய கிரீடத்தோடு நம் பிள்ளை நிற்க வேண்டாம். மகளிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வாள், 13 வயது அதற்கு ஏற்ற வயதுதான்.

வேட்டிக்கு ஒரே நிபந்தனை. ஸ்கீ கால்சட்டைக்கு மேல் கட்டி, மடித்து, பின் குத்திவிடுங்கள். நாற்காலி லிஃப்டில் இறங்கும் இடத்தில் தொங்குகிற துணி சிக்கினால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். அங்கவஸ்திரம், சால்வை, நீண்ட வால், கயிறு, முதுகுப்பை வார் எல்லாவற்றுக்கும் இதுதான். காற்று ஊதும் பொம்மை உடையும் வேண்டாம், பாதுகாப்புக் கம்பி இறங்காது. பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் முகமூடியைச் சறுக்கும்போது போடவே கூடாது, குட்டைப் பக்கம் வந்து மாட்டிக்கொள்ளலாம்.

மினுமினுப்புத் தூளையும் விட்டுவிடுங்கள். அங்கே பனியில் கொட்டுவது சில வாரத்தில் உருகி ஹீலி ஓடையில் இறங்கி, அங்கிருந்து போ ஆற்றில் கலக்கிறது. கால்கரி குடிக்கிற தண்ணீரில் ஒரு பெரிய பகுதி அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. துணியில் தைத்த இறக்கை போதும், தேவதையாகிவிடலாம்.

வெயிலை மறக்காதீர்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிரின் அளவே சுமார் 10 சதவீதம் கூடும். மோவாய்க்குக் கீழும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூடக் களிம்பு தடவுங்கள்.

டென்வர்க்காரன் எழுதியது:

மலைக்காற்று அண்ணா, ஒரு கேள்வி. நான் அடுத்த வருடம் வர யோசிக்கிறேன். காலையில் எந்த லிஃப்டில் ஏறுவது நல்லது?

மலைக்காற்று எழுதியது:

வானம் தெளிவாக இருந்தால் கிரேட் டிவைட் நாற்காலிக்குப் போங்கள். ஏறும்போதே ஆல்பர்ட்டாவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போய்விடும், இறங்குவதும் இரண்டு மாகாணத்திலும்தான். உச்சியில் அசினிபொய்ன் மலை தெரியும். மேகம் மூடியிருந்தால் கிராமத்தை ஒட்டிய சரிவுகளிலேயே இருங்கள், மேலே மரம் கிடையாது, வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது.

கிராமத்துக்கே கோண்டோலாவில்தான் போக வேண்டும், ஏறத்தாழ இருபது நிமிடம். மே மாதத்தில் கீழ்ப் பாதையில் பெரும்பாலும் பனி இருக்காது, அதனால் திரும்புவதும் கோண்டோலாவில்தான். ஸ்லஷ் கப் அன்று வண்டி நிறுத்தும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், வண்டிகள் சாலை ஓரமாக நீண்டுகொண்டே போகும். பான்ஃப் ஊரிலிருந்து பஸ் பிடிப்பது உத்தமம்.

நீலவானம் எழுதியது:

கால்கரி சகோதரிக்கு ஒன்று. பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு வையுங்கள். ரோந்தினரின் எண்ணை உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள், மலை வரைபடத்தில் அச்சிட்டிருப்பார்கள். குட்டைப் பக்கம் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று காலையிலேயே ஓர் இடம் சொல்லி வையுங்கள். மகள் கேட்கச் சொன்னாள்: உங்கள் பெண் குட்டையைத் தாண்டினாளா என்று வந்து எழுத வேண்டுமாம்.

கால்கரி வாசகி எழுதியது:

கண்டிப்பாக எழுதுகிறேன். இறகுக் கிரீடம் போய்விட்டது. இப்போது அவள் தபால்காரர் வேடம் என்கிறாள், டென்வர் தம்பி எழுதிய அல் ஜான்சன் கதையைப் படித்துக் காட்டினேன். முதுகில் ஒரு காக்கித் தபால் பை வேண்டுமாம். லிஃப்டில் வார் சிக்காமல் அதை எப்படித் தைப்பது?

மெழுகுக்கடை எழுதியது:

வாரே வேண்டாம். கோட்டின் பின்பக்கத்திலேயே துணியைப் பை மாதிரி நான்கு ஓரமும் தைத்துவிடுங்கள். உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்தால் பை நிறைந்தது போலத் தெரியும், விழுந்தாலும் வலிக்காது. குட்டையில் இறங்குவதற்கு முன் ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துவிடுங்கள், தண்ணீர் குடித்துக் கனத்துவிடும்.